மஞ்சள் மாளிகையின் பின்வாசல்

என்னைப் போல் ஐம்பதைத் தாண்டி, ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது டவுனில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். பெரிய வீட்டுக்கு முன்னால் போய் நின்றால் இன்றைக்கும் என் கால் முன்வாசல் படியில் ஏறாது. பக்கத்தில் சந்து இருக்கிறதா என்றுதான் கண் தேடும். போன மாதம் உலு திராமில் மகளின் முதலாளி வீட்டு விருந்து. நான் பாட்டுக்குச் சமையல்கட்டுப் பக்கம் நடக்கிறேன். மகள் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இங்கலா! எங்க போறீங்க?" எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏன் அப்படிப் போனேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நேரில் பேச எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அப்பாவிடம் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தரும் நீல அடையாளக் கார்டு இருந்தது. தொழிலாளர் லயத்தில் சிலரிடம் சிவப்புக் கார்டு, குடியுரிமை இல்லை, தங்க மட்டும் அனுமதி. அம்மாவிடம் எந்தக் கலரும் இல்லை. அவர் பிறந்த தோட்டத்தில் பிறப்பைப் பதிய யாரும் மெனக்கெடவில்லை. அந்தத் தோட்டமும் பிறகு துண்டு துண்டாக விற்றுப் போனது.

கார்டு இல்லாதவர்களைப் பிடித்தால் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா நம்பினார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் எப்போதோ அப்படி மிரட்டி வைத்திருந்தார். இந்தியாவில் அம்மாவுக்கு ஒரு ஆளைத் தெரியாது. கப்பலையே பார்த்ததில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ரெங்கம் கடைத்தெரு, அதற்கு மேல் அவருக்கு உலகம் கிடையாது. அங்கேயும் முக்காட்டை இழுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னாலேயே நடப்பார்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் அம்மாவின் தம்பி வந்தார். எங்களுக்குச் சின்ன மாமா. கிழக்குக் கடற்கரையில் ஒரு ஊர், பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஓட்டல் ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமையானால் சிங்கப்பூர்க் கார்கள் வரிசையாக வந்து நிற்குமாம். கடலைப் பார்த்த மாதிரி பழைய காலத்து மாளிகைகள் ஏழெட்டு இருக்குமாம். அதில் மஞ்சள் மாளிகைக்குள் யார் வேண்டுமானாலும் போய்ச் சுற்றிப் பார்க்கலாமாம்.

"யார் வேணும்னாலுமா?" என்று அம்மா கேட்டார்.

"யார் வேணும்னாலும்க்கா. கடலப் பாக்காமலே மரத்தச் சுத்தி மரத்தச் சுத்தி செத்துப்போகப் போறியா?"

எதையும் கேட்காத அம்மா அந்த ஒரு முறை கேட்டார். அப்பா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு சரி என்றார். சரி என்ற நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

குளுவாங்கில் பஸ் மாறினோம். கிழக்கே போகிற பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா எனக்கும் அக்காவுக்கும் முன் சீட்டில் இருந்து திரும்பி உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"யூனிபார்ம் போட்ட ஆளு யாராச்சும் வந்து இது உங்கம்மாவான்னு கேட்டா, இல்லன்னு சொல்லணும். தெரியாதுன்னு சொல்லணும்."

அக்காவுக்குப் பதினான்கு வயது. வாய் நீளம். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மாத்தாவுக்குப் பதில் சொல்லு." போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்போம்.

"அம்மா மட்டும் மாட்டிக்கிட்டா பரவால்லயா?"

"எல்லாரும் மாட்டுனா வெளிய நின்னு அலையறதுக்கு ஆள் வேணாமா?"

இதை அப்பா எவ்வளவு நாளாக யோசித்து வைத்திருந்தாரோ தெரியாது. மலாயில் கேள்வி கேட்டு என்னைப் பதில் சொல்ல வைத்தார். நான் "புக்கான்" என்று சொல்ல வேண்டும். இல்லை என்று அர்த்தம். முதலில் என் குரல் எழும்பவில்லை. "சத்தமா" என்றார். மறுபடி சொன்னேன். இன்னும் நாலைந்து தடவை சொல்ல வைத்தார். அம்மா பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே செம்பனை மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

சின்ன மாமாவின் அறை ஓட்டலுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. புல் வெட்டும் இயந்திரத்து எண்ணெய் வாசனை. அன்று சாயங்காலம் ஓட்டலுக்கு முன்னால் மணலில் குதிரையாட்டம் நடந்தது. மூங்கிலில் முடைந்த தட்டைக் குதிரைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜாவாக்காரர்கள் ஆடுவார்கள். ஜொகூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் நான் முதல் தடவை பார்க்கிறேன். ஒரு பெரியவர் சாட்டையைச் சொடுக்கினார். மேளம் ஏற ஏற ஆடுகிறவர்களின் கண் மேலே போய்விட்டது. ஒருவன் முழுத் தேங்காயின் மட்டையைப் பல்லால் பிய்த்தான். வெள்ளைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினார்கள். கயிற்றுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். அக்கா என் காதில், "பயந்தாங்கொள்ளி, ஒன்னுக்குப் போயிராத" என்றாள்.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாத்தாக்கள் வந்து எங்கள் பக்கம் நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவைக் காணோம்.

மேளச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. கூப்பிடவும் கூடாதே. அப்பாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் நான்தான் பார்த்தேன். அம்மா கடலுக்குள் நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். சேலை மிதக்கிறது. கடலுக்குள் வந்து யாரும் கார்டு கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. மாத்தாக்கள் போகும் வரை அப்படியே நின்றார். கரைக்கு வந்தபோது, "உப்பு சுர்ருனு இருக்குல்ல" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பால் கத்தி கீறிய விரல் அவருக்கு எப்போதும் ஆறியிருக்காது.

மறுநாள் காலை சின்ன மாமாவுக்கு வேலை. நீங்களே போய் மஞ்சள் மாளிகையைப் பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பினார். டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் சவுக்கு மரங்கள், ஒரு பக்கம் மாளிகைகள். மிளகிலும் ரப்பரிலும் பணம் பார்த்த சீன முதலாளிகள் கட்டியவை. தூண்களில் சுண்ணாம்புப் பூவேலை. சில வீடுகளில் சன்னல் எல்லாம் சாத்தி, கூரையில் செடி முளைத்துக் கிடந்தது. மஞ்சள் மாளிகைக்கு முன்னால் மட்டும் கார்கள் நின்றன. காலில் சப்பாத்துப் போட்டவர்கள் முன்படியில் ஏறிப் போனார்கள்.

அப்பா அந்தப் படியை ஒரு தடவை பார்த்தார். பக்கத்துச் சந்தில் திரும்பினார். நாங்களும் பின்னாலேயே போனோம். எங்களில் ஒருவருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. தோட்டத்துப் பெரிய துரை பங்களாவுக்குப் போனால் அப்படித்தான். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும், சிலிப்பரைக் கழற்ற வேண்டும், சமையல்கட்டுப் படியில் நிற்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஒரு பெரிய வீட்டின் முன்கதவு வழியாக நுழைந்த தமிழனைப் பார்த்ததில்லை.

பின்கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. நால்வரும் சிலிப்பரைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம்.

பெரிய சமையல்கட்டு. ஐந்து அடுப்பு. என் உயரத்துக்கு ஜாடிகள், பச்சையும் பழுப்புமாக. அப்பாவும் அக்காவும் முற்றத்தைத் தாண்டி முன்கூடத்துப் பக்கம் போய்விட்டார்கள். அம்மா நகரவில்லை. ஒரு ஜாடியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். "சில்லுனு இருக்கு. தொட்டுப் பாரு" என்றார்.

அப்போதுதான் ஜாகா வந்தார். காவல்காரர். காக்கிச் சட்டை, இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. எனக்கு அது ஜாகாவா மாத்தாவா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு இல்லை. யூனிபார்ம், அவ்வளவுதான். டிக்கெட் எங்கே என்று மலாயில் அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் கை ஜாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஜாகா என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இது உன் அம்மாவா என்று கேட்டார்.

"புக்கான்" என்றேன்.

பஸ்ஸில் எழும்பாத குரல் அங்கே நன்றாக எழும்பியது. முற்றத்தில் பட்டுத் திரும்பி வந்தது. கேட்காமலே இன்னும் ஒரு தடவை சொன்னேன். இவங்களைத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜாடியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

ஜாகா அம்மாவை வெளியே வரச் சொல்லிக் கதவுப் பக்கம் கை காட்டினார். சாலை முனையில் போலீஸ் நிலையம் இருந்ததை வரும்போதே நாங்கள் பார்த்திருந்தோம். அந்த நேரம் ஒரு சீன அம்மா வேகமாக உள்ளே வந்தார். நரைத்த தலை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார்.

"அலமாக்! இப்பத்தான் வர்றியா? மணி என்ன ஆச்சு?" என்று மலாயில் சத்தம் போட்டார். வழக்கமாகத் தரை துடைக்கும் தமிழம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். மாற்றாள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்களாம். அந்த மாற்றாள் என்று அம்மாவை நினைத்துவிட்டார்.

அம்மா அன்றைக்குக் கட்டியிருந்தது தீபாவளிக்கு எடுத்த நூல் சேலை. எங்களுக்கு அது நல்ல சேலை. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சாவிக்கார அம்மாவின் கண்ணுக்கு அது வேலைக்கு உடுத்துகிற துணியாகத் தெரிந்தது.

அம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். முந்தானையை இடுப்பில் செருகினார். ஜாகா, "ஓ, வேலைக்காரியா" என்று சொல்லி அவரை விட்டுவிட்டு, என் தோளைப் பிடித்து முன்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே அப்பாவிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னார். அப்பா மூன்று பேருக்கு எடுத்தார். நான் காதில் நடந்ததைச் சொன்னேன். "நீ என்ன சொன்ன?" என்றார். சொன்னேன். "நல்ல பிள்ள" என்றார். வாழ்க்கையில் அப்பா என்னை அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

டிக்கெட் எடுத்தவர்கள் பாதியில் ஓடினால் சந்தேகம் வரும் என்று அப்பா நினைத்தார். அதனால் நாங்கள் மாளிகையைச் சுற்றிப் பார்த்தோம். முத்துச் சிப்பி பதித்த கறுப்பு நாற்காலிகள். தங்கப் பூச்சு போட்ட கல்யாணக் கட்டில். செத்துப்போன முதலாளிகளின் படங்கள், எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற கண்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்புக் கயிறு, தொடக்கூடாது. நிலைக்கண்ணாடி ஒன்றில் என்னை முழுதாகப் பார்த்தேன். தலை முதல் கால் வரை நான் என்னைப் பார்த்தது அன்றுதான். பார்க்கப் பிடிக்கவில்லை.

மாடியில் பலகைத் தரை. அம்மா மண்டி போட்டு உட்கார்ந்து, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பலகைத் தரையை அப்படித்தான் பளபளப்பாக்குவார்கள். சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று அவரைத் தாண்டிப் போனது. அந்தக் குடும்பத்து அப்பா கேமராவைத் தூக்கிக் கட்டிலைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் அம்மாவும் விழுந்திருப்பார். எங்கள் வீட்டில் அந்த வயது அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை.

அப்பா ஒரு படத்துக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் பேசுவது போல் உரக்கச் சொன்னார். "நாலு மணிக்கு பஸ் நிக்கிற எடத்துக்கு வந்தரணும். நேரா பஸ்ஸில ஏறிரணும். நம்ம பக்கம் வரக்கூடாது."

அம்மா மட்டையைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றார்.

படியில் இறங்கும்போது அக்கா சொன்னாள். "அப்பா, அம்மா அழுவுறாங்க."

"அழல. வேர்வ."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு நட."

சவுக்கு மரத்தடியில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் சின்ன மாமா தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ மச்சான், பாக்கக் கூட்டிட்டுப் போய் வேலைக்குச் சேத்து விட்டுட்டு வந்திருக்கீங்களே!" அப்பா எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் மாமா நிதானமாகப் பேசினார். இப்போதெல்லாம் யாரையும் கப்பலில் ஏற்றுவதில்லை, விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தால், பிறந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் கார்டுக்குக் கேட்கலாம், ஓட்டலில் ஒருத்திக்கு அப்படிக் கிடைத்தது என்றார். "நீ சிரிச்சுக்கிட்டே இரு" என்றார் அப்பா.

மாமா சொன்னது உண்மை. ஆனால் எப்போதும் சிரிக்கிற ஆளை யார் நம்புவார்கள்? அப்பா நம்பவில்லை. அம்மாவின் கைக்குச் சிவப்புக் கார்டு வந்தபோது அவருக்கு அறுபது ஆகிவிட்டது. நடுவில் போன வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா பயந்தது அம்மாவுக்காகத்தானே.

நாலு மணிக்கு அம்மா வந்தார். முன்னால் ஜாகா நடந்து வந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், அதே பஸ்ஸுக்குத்தான் வருகிறார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எங்களை முன் சீட்டுக்குத் தள்ளினார். ஜாகா நடுவில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம். கையில் சாவிக்கார அம்மா கொடுத்த ஒரு சோற்றுப் பொட்டலம். நாளைக்கு வரும்போது கார்டு கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாராம். பிறகு அம்மாவே அக்காவிடம் சொன்னது.

பஸ் கிளம்பி, கடல் மறைந்தது. என்னால் முன் சீட்டில் இருக்க முடியவில்லை. அப்பா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கை மடியில் இருந்தது. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை.

ஜாகா திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. காலையில் பார்த்த பையன். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் உன் பிள்ளையா என்று அம்மாவிடம் மலாயில் கேட்டார்.

"புக்கான்" என்றார் அம்மா.

தயங்கவில்லை. குரல் நடுங்கவும் இல்லை. காலையில் நான் சொன்னது போலவே தெளிவாக இருந்தது. அது எங்களைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதற்காகத்தான் சொன்னேன். தெரிந்தும் காது கொதித்தது. ஜாடியின் மேல் கை வைத்து நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

அடுத்து வந்த கம்பத்தில், சின்னக் கிராமம் அது, ஜாகா இறங்கிவிட்டார். இனிக் கூப்பிடலாம். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டார். காலையிலிருந்து மண்டியிட்டு வேலை செய்தவர்.

குளுவாங் வரும் வரை நான் அசையவில்லை. தோள் மரத்துப் போனது. ஒன்றுக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். அசைந்தால் அவர் விழித்துக்கொள்வார், விழித்ததும் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிடுவார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.